வேட்டை நாய் மூச்சை வெளியே விடும்போதும் முகர்வது எப்படி?

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய மகன் இங்கிலாந்தில் இருக்கிறார், அங்கே ஒரு கிளப்போடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பாயிண்டர் நாயை (பறவை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் வேட்டை நாய் இனம்) பழக்குகிறாராம். வட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் நாய் தலையை உயர்த்தியபடி வயலில் இடமும் வலமுமாக ஓடுகிறது, திடீரென்று ஒரு முன்னங்காலை மடக்கி வாலை நீட்டி அப்படியே நின்றுவிடுகிறது. ஆட்கள் கிட்டப் போய்ச் சேரும்வரை அசையவேயில்லை, பிறகு புல்லுக்குள்ளிருந்து இரண்டு கௌதாரிகள் எழும்பிப் பறக்கின்றன. "கண்ணால் பார்க்காமல் நாய்க்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தும் ஏன் பாயவில்லை? எங்கள் வீட்டு நாயையும் இப்படிப் பழக்கலாமா?" இதுதான் கேள்வி.

பாயாததற்குக் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓநாய் இரை பிடிப்பதில் ஒரு வரிசை உண்டு: கண்டுபிடிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது. பதுங்கலுக்கும் பாய்ச்சலுக்கும் நடுவில் ஒரு நொடி நிற்கும். அந்த நொடியை அதிக நேரம் நீட்டிய நாய்களாகத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்து வந்திருக்கிறார்கள். துவக்கு பரவும் முன்பே ஐரோப்பாவில் இதற்குத் தேவை இருந்தது. நாய் காட்டிக்கொடுத்த பறவைகள்மேல் வலையை வீசிப் பிடித்தார்கள். முதல் தடவை வெளியே கூட்டிப்போன பாயிண்டர் குட்டிகூடச் சில வேளை தானாகவே இப்படி நிற்கும், வேறொரு நாய் நிற்பதைக் கண்டால் தானும் நிற்கும் என்று சார்ல்ஸ் டார்வின் 1859இலேயே எழுதிவிட்டார். ஆகவே கிளப்காரர்கள் நிற்கக் கற்றுக்கொடுப்பதில்லை. பறவை எழும்பினாலும் துவக்கு வெடித்தாலும் கலையாமல் நிற்கவும், விசிலுக்குத் திரும்பவும், காற்றுக்கு எதிராக ஒழுங்காகக் குறுக்கும் நெடுக்கும் ஓடவும்தான் நீளக் கயிறு கட்டிப் பழக்குகிறார்கள்.

சரி, மூக்குக்கு வருவோம். நாயின் மூக்கில் மணம் உணரும் கலங்கள் இருபது கோடிக்கு மேல், நமக்கு அறுபது லட்சம் அளவில் என்பதை எல்லாரும் எங்காவது படித்திருப்பீர்கள். எனக்கு அந்த எண்ணிக்கையைவிட மூக்கின் குழாய் வேலைதான் பிடிக்கும். உங்கள் நாய் தூங்கும்போது கிட்டப் போய்ப் பாருங்கள், மூக்குத்துவாரம் வட்டமாக முடிவதில்லை, பக்கவாட்டில் ஒரு வெட்டுப் போலக் கீறல் போகும். காற்று முன்பக்கத்தால் உள்ளே போகிறது, வெளியே வரும்போது அந்தக் கீறல் வழியாகப் பக்கமாகவும் பின்னாகவும் பீச்சுகிறது. மணலை முகரும் நாயின் மூக்கருகே இரண்டு பக்கமும் தூசி சின்னதாகக் கிளம்புவது இதனால்தான். முன்னால் இருக்கும் வாசனையைத் தன் மூச்சாலேயே அது கலைத்துவிடுவதில்லை, அந்தப் பீச்சல் முன்னாலிருந்து புதுக் காற்றையும் இழுத்துத் தருகிறது. உள்ளே போன காற்றில் எட்டில் ஒரு பங்கு அளவு மேல்வழியாகப் பிரிந்து, மூக்கின் பின்கோடியில் இருக்கும் முகர்வு அறைக்குப் போய்விடுகிறது, மீதி நுரையீரலுக்கு. மூச்சு விடும்போது வெளியேறும் காற்று அந்த அறைக்குள் நுழையாது, ஆகவே வாசனை அங்கேயே தங்குகிறது. நமக்கு அப்படியில்லை. உள்ளே வந்த வழியாகவே மூச்சு திரும்பிப் போய் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

இது தரையை முகரும் நாயின் கதை. வீடியோவில் இருக்கும் நாய் தலையைத் தூக்கிக்கொண்டு வேகமாக ஓடுகிறது, வாய் திறந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஓடுகிறவனுக்குக் காற்றை வெளியே தள்ளியாக வேண்டும், தள்ளும் நேரமெல்லாம் மூக்கு சும்மா இருந்தால் அந்த ஓட்டத்தில் எத்தனை மீட்டர் வாசனையை அது தவறவிடும்! நோர்வேயில் சில உடலியல் ஆய்வாளர்கள், ஓடும் வேட்டை நாய்களின் மூக்கிலும் வாயிலும் காற்றோட்டத்தையும் அமுக்கத்தையும் அளந்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். தலையை உயர்த்திக் காற்றை எதிர்த்து ஓடும் நாயின் மூக்குக்குள் காற்று உள்ளே மட்டுமே போய்க்கொண்டிருந்தது, 40 செக்கன்வரை, முப்பது மூச்சுக்களுக்குக் குறையாமல், மூச்சு விடும் கணங்களிலும்கூட!

இதை முதலில் படித்தபோது நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். காரணம் உயர்தரப் பௌதிகவியலில் படித்த அதே பெர்னூலி தத்துவம்தான்: காற்று வேகமாகப் போகும் இடத்தில் அமுக்கம் குறையும். நுளம்பு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பில், குழாயின் வாய்க்கு மேலாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அமுக்கம் குறைந்து கீழிருக்கும் மருந்து தானாக மேலே ஏறும் அல்லவா? நாயின் நுரையீரலிலிருந்து வரும் காற்று தொண்டையைக் கடந்து திறந்த வாயால் வேகமாக வெளியே போகிறது, மூக்கின் பாதை தொண்டையில் வந்து சேரும் இடத்தில் அமுக்கம் குறைகிறது, வெளிக்காற்று மூக்கு வழியாக உள்ளே இழுபட்டு, மூச்சோடு சேர்ந்து வாயால் போய்விடுகிறது. மூச்சு இழுத்தாலும் மூக்குக்குப் புதுக் காற்று, விட்டாலும் புதுக் காற்று. ஒரு வால்வு இல்லை, ஒரு மோட்டார் இல்லை.

நாயின் மூக்கில் கருவி பூட்டி என்ன காணப்போகிறார்கள் என்று கேட்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. வடக்கு கிழக்கில் கண்ணிவெடி தேடியதில் நாய்களும் இருந்தன என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். நம் மணலிலும் செம்மண்ணிலும் வெயில் ஏற ஏற வாசனை எப்படி மேலெழுகிறது என்று அளக்கப் பெரிய பணம் தேவையில்லை, ஆனால் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். இரவில் நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்று கதவைச் சாத்துகிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

குறுக்கும் நெடுக்கும் ஓட்டம் எதற்கு என்றால், வாசனை நேர்கோட்டில் வருவதில்லை. காற்று சுழன்று அதைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டு வருகிறது, நடுவில் வெறுமை. காற்றுக்குக் குறுக்காக ஓடினால்தான் ஏதாவது ஒரு துண்டு மூக்கில் படும், பட்டதும் நாய் காற்றின் பக்கம் திரும்பும். ஆடி மாதம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது நம் கிழக்குக் கரையில் உப்புவெளிக் கரையோரமாக ஓடும் தெருநாய்களைக் கவனியுங்கள். காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது, கரை அதற்குக் குறுக்கே கிடக்கிறது, கரையோடு ஓடினாலே போதும், வரிசையாக ஒவ்வொரு மீன்வாடியின் கருவாடும் மூக்கைக் கடந்து போகும். ஒன்றில் சட்டென்று நின்று தலையை மேற்கே திருப்பும். யாரும் பழக்கவில்லை.

வீட்டு நாய்க்கு வருவோம். கௌதாரி வேண்டாம், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, காட்டுப் பக்கம் நாயைக் கூட்டிப்போகவே வேண்டாம். கருவாட்டுத் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி, காற்று வரும் பக்கமாக வளவுக்குள் ஒளித்து வையுங்கள். வெயில் ஏறும் முன் விடியப்புறமே செய்யுங்கள், சூடாகி நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கத் தொடங்கிவிட்டால் உடம்பை ஆற்றுவதுதான் அதற்கு வேலை, முகர்வது பிறகுதான். தேடிக் கண்டுபிடிக்க நிச்சயம் பழகும். ஆனால் கண்டதும் காலை மடக்கி நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், துணியோடு சேர்த்துத் தின்றுவிடும், ஆகவே முடிச்சை இறுக்கிக் கட்டுங்கள்.