சுமைக்கு ஏது வேகம்?

‘உங்கள் பக்கச் சுமை வேகத்தை அதிகரியுங்கள், கூகுள் தரவரிசையில் முந்துங்கள்.’ போன வாரம் திருத்தக் கொடுத்த ஒரு மொழிபெயர்ப்பின் முதல் வரி இது. இணையப் பக்கம் எவ்வளவு விரைவாகத் திறக்கிறது என்பதைச் சொல்லும் ‘பேஜ் லோட் ஸ்பீடு’ இப்படிச் சுமையாவதை எத்தனை முறை பார்த்தாயிற்று என்று கணக்கே விட்டுப்போயிற்று.

லோட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வழி, கொண்டுசெல்லுதல் என்று பொருள். பிறகு பாரத்தைக் குறித்தது. கணினி வந்ததும், நிரலை நினைவகத்துக்குக் கொண்டுவருவதற்கும் பெயரானது. அவ்வளவுதான்.

சுமை என்பது தூக்கப்படும் பொருள். இங்கே லோட் என்பது நடக்கும் செயல். சரி, இலக்கணத்தை விடுங்கள், காரியமே கெடுகிறது. பக்கத்துக்கு நிஜமாகவே ஒரு சுமை உண்டு: படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாம் சேர்ந்து எத்தனை எம்பி என்பது. பக்கத்தை அனுப்பிவைக்கும் கணினியான சர்வருக்கும் சுமை உண்டு: ஒரே நேரத்தில் எத்தனை பேர் வந்து கேட்கிறார்கள் என்பது. இரண்டும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் இரண்டும் வேகம் அல்ல. 5 எம்பி பக்கம்கூட, மேலே தெரியவேண்டியதை முதலில் அனுப்பிவிட்டால் சட்டென்று திறக்கும். நாலே பத்தி உள்ள பக்கம், சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால், வெறும் வெள்ளைத் திரையாக நிற்கும். ‘பக்கச் சுமை’ என்று படித்தவர் படங்களைச் சுருக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்.

‘ஏற்றுதல் வேகம்’ என்பவர்கள் பரவாயில்லை. நினைவகத்தில் ஏற்றுவதற்கு அது பொருந்தும். ஆனால் பதிவேற்றமும் பதிவிறக்கமும் பழகிப்போன பிறகு, சர்வரிலிருந்து நம்மிடம் இறங்கி வருவதைப் போய் ஏற்றம் என்றால் எப்படி?

என் ஓட்டு ‘பக்கம் திறக்கும் வேகம்’ என்பதற்கே. “பக்கம் திறக்கவே மாட்டேங்குது” என்றுதானே எல்லோரும் அலுத்துக்கொள்கிறோம்! எப்போது முழுதாகத் திறந்தது என்பீர்கள் என்று ஒரு நண்பர் மடக்கினார். கூகுளிடமே அதற்கு ஓர் அளவு இருக்கிறது. திரையில் தெரியும் பகுதியின் மிகப் பெரிய படமோ பத்தியோ 2.5 நொடிக்குள் வந்துவிட்டால் நல்ல வேகம். அடியில் கிடக்கும் கடைசி விளம்பரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

‘தரவரிசை’யும் எனக்கு உறுத்தல்தான். வேகமாகத் திறப்பது தரத்துக்குக் கிடைத்த முத்திரை என்று ஆகிவிடுகிறது. வேகத்தைக் கணக்கில் எடுப்பதாகக் கூகுள் 2010இல் அறிவித்தது. 2018 ஜூலையில் கைப்பேசித் தேடலுக்கும் அது வந்தது. அப்போதுகூட, மிக மெதுவான பக்கங்களுக்குத்தான் பாதிப்பு என்றார்கள். தேடியதற்கு விடை இருக்கும் பக்கம், கொஞ்சம் நிதானமாகத் திறந்தாலும் மேலே வரலாம். ‘தேடல் வரிசையில் இடம்’ என்று எழுதினால் போதாதா?

அதே மொழிபெயர்ப்பின் நாலாம் பத்தியில் ‘சோம்பேறிச் சுமை’ என்று ஒன்று வந்தது. கீழே உள்ள படத்தை, வாசகர் அங்கே நகர்ந்து வரும்போது மட்டும் வரவழைக்கும் உத்தி, ‘லேசி லோடிங்’. ‘தேவைப்படும்போது தருவித்தல்’ என்று மாற்றி அனுப்பினேன். “மூலத்தில் சோம்பேறி இருக்கிறதே, அதை எங்கே விட்டீர்கள்?” என்று பதில் வந்திருக்கிறது.