சன்ஸ்கிரீன் காப்பாற்றாத வெளிச்சம்

"வெளிச்சம் அடித்தே கட்டியைக் கரைத்துவிடுகிறார்களாமே, டாக்டர்?" புற்றுநோய்ப் பிரிவில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. செய்தி பொய்யில்லை, பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒளியியக்கச் சிகிச்சை (photodynamic therapy) எனப்படும் இந்த முறையில், முதலில் ஒளியுணர் மருந்து ஒன்று கட்டிக்குள் சேர வேண்டும். அதன் மீது உரிய நிற ஒளி விழுந்ததும், பக்கத்திலிருக்கும் ஆக்சிஜன் வீரியம் பெற்றுச் செல்லைச் சிதைக்கிறது. ஆக்சிஜன் குறைந்த கட்டியில் பலனும் குறையும். சிவப்பு ஒளியே திசுவுக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் உருப்படியாகப் போகும். உடலெங்கும் பரவிவிட்ட நோய்க்கு இதை நம்பி கீமோதெரபியை நிறுத்துகிறேன் என்று சொல்பவர்களிடம் நான் கறாராகவே பேசுகிறேன்.

இந்த ஒளியுணர் மருந்துகளுள் சில, கட்டியைக் காட்டியும் கொடுக்கும். 5-அமினோலெவுலினிக் அமிலத்தைக் குடிக்கக் கொடுத்தால், கிளையோமா என்னும் மூளைக் கட்டியின் செல்களில் புரோட்டோபார்ஃபைரின் என்ற ஒளியுணர் பொருள் தேங்குகிறது. நீல ஒளியில் அது சிவப்பாக ஒளிர, எதுவரை வெட்டலாம் என்று அறுவை மருத்துவருக்குப் பிடிபடுகிறது. அமெரிக்கா இதற்கு 2017இல் அனுமதி அளித்தது. அதே அமிலத்தைத் தோலில் தடவி, வெயிலால் வரும் புற்றுக்கு முந்தைய தடிப்புகளை அழிக்க 1999இலேயே அனுமதி உண்டு. ஆனால் மூலக்கூறு வாங்கிய ஆற்றலை ஒளிர்வதற்குச் செலவிட்டால் ஆக்சிஜனுக்குக் கொடுக்க மிச்சமிராது. காட்டிக்கொடுப்பது, அழிப்பது இரண்டையும் செவ்வனே செய்யும் ஒளியுணர் சாயத்தை உருவாக்க வேதியியலாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

நோயாளிக்கு முக்கியமானது இனிதான். ஊசி வழியாக ஏற்றும் போட்டோஃபிரின் என்ற ஒளியுணர் மருந்து தோலிலும் தங்கிவிடும். குறைந்தது 30 நாட்கள் நேரடி வெயில் ஆகாது. 1912இல் ஜெர்மன் மருத்துவர் ஃபிரீட்ரிக் மேயர்-பெட்ஸ், இதன் மூதாதையான ஹீமட்டோபார்ஃபைரினைத் தமக்கே செலுத்திக்கொண்டு வெயிலில் போனார். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியது. (துணிச்சல்தான், வேறென்ன சொல்ல!)

சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டால் போதாதா? போதாது. அது தடுப்பது புற ஊதாக் கதிரை. இந்த மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். முழுக்கைச் சட்டை, தொப்பி, கையுறை, கறுப்புக் கண்ணாடி இவைதான் காப்பு. அதற்காக ஜன்னலைச் சாத்தி இருட்டறையில் முடங்கவும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் மிதமான வெளிச்சம், தோலில் மிஞ்சிய மருந்தைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்யும். அந்த நாட்களில் பல் மருத்துவரிடம் போக நேர்ந்தால், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். முகத்துக்கு நேரே எரியும் அவருடைய விளக்கும் ஆகாது.