ஓலை வாசிக்கும் முன் ஒரு வார்த்தை

சென்ற வாரம் என் மேசைக்கு வந்தது, இந்த ஆண்டில் இதே வகையில் நான்காவது வழக்கு. மணமகன் பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். மணமகள் முதுகுளத்தூர் பக்கத்து இந்துக் குடும்பத்தில், பட்டியல் சாதியில் பிறந்தவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "வேதத்தில் சேர்ந்தால்தான் கோயிலில் தாலி கட்ட விடுவார்கள்" என்று, அதாவது கிறித்தவரானால்தான் தேவாலயத்தில் திருமணம் நடக்கும் என்று, மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் சொன்னதை நம்பி, திருமணத்துக்கு எட்டு நாள் முன்பு அந்தப் பெண் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றிருக்கிறார். பிறகு அரசுப் பணித் தேர்வில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனபோது, அவருடைய சாதிச் சான்றிதழை எதிர்த்து ஒரு மனு வந்துவிட்டது. மனுவோடு கோயில் பதிவேட்டின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது.

"வக்கீலம்மா, நான் மனசார மாறவில்லை, தலையில் தண்ணீர்தான் ஊற்றினார்கள்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குச் சட்டக் கவலை வருவதற்கு முன்பே நெஞ்சு வலித்தது. நான் தங்கச்சிமடத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் திருமுழுக்கு நாளைப் பிறந்த நாளைவிடப் பெரிதாக நினைத்தார்கள். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே அந்தப் பட்டியலில் இருக்க முடியும். கிறித்தவத்துக்கு மாறியவரைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ப்பார்கள். மனமார மாறினேன் என்று சொன்னால் அந்தப் பெண் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். மாறவில்லை என்று சொன்னால், பீடத்தின் முன் அவர் அறிக்கையிட்ட விசுவாசம் பொய் என்றாகிறது. 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறித்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே குறிப்பிட்டது. 1950ஆம் ஆண்டின் அந்த ஆணை நியாயமானதா என்பது வேறு கேள்வி; நியாயமானதல்ல என்பது என் கருத்து, அதை எதிர்க்கும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் தீர்ப்பு வரும்வரை இந்தப் பெண்ணின் பணி நியமனம் காத்திருக்காது.

இப்போது என்னை மிகவும் வருத்தும் அந்தத் தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். கத்தோலிக்கரை மணக்கத் திருமுழுக்குக் கட்டாயம் என்பது பொய். திருச்சபைச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை, நாட்டுச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1086ஆம் விதி, திருமுழுக்குப் பெறாதவரோடு நடக்கும் திருமணத்தை ஒரு தடை என்று சொல்லும்போதே, அந்தத் தடையிலிருந்து விலக்குப் பெறும் வழியையும் சொல்கிறது. பங்குத்தந்தை வழியாக விண்ணப்பித்தால், ஆயரின் நிர்வாகமான மறைமாவட்டத்திலிருந்து அந்த விலக்கைப் பெறலாம். அதற்கு வாக்குறுதி தரவேண்டியவர் கத்தோலிக்கத் தரப்பினர் மட்டுமே: தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைத் திருச்சபையில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் அவர் சொல்லவேண்டும். மற்றவருக்கு அந்த வாக்குறுதியைத் தெரிவித்தால் போதும். அவரிடமிருந்து எந்த உறுதிமொழியும் கேட்கப்படுவதில்லை. நாட்டுச் சட்டத்தில், 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, இருவரில் ஒருவர் கிறித்தவராக இருந்தாலே அந்தச் சட்டத்தின்கீழ் திருமணம் செய்துவைக்கலாம் என்கிறது. இதுவும் வேண்டாம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதிவாளர் முன் மணம் செய்துகொள்ளலாம். இத்தனை வழிகள் திறந்திருக்க, விவரமறியாத உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டு ஒரு பெண் தன் மனச்சாட்சியை எட்டே நாளில் மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

எட்டு நாளில் திருமுழுக்குக் கொடுப்பது திருச்சபையின் ஒழுங்குக்கே மாறானது. வயது வந்தவர் தாமே விரும்பிக் கேட்கவேண்டும், மறைக்கல்வி பெறவேண்டும், ஆயத்த காலத்தில் கிறித்தவ வாழ்வை வாழ்ந்து பார்க்கவேண்டும் என்கிறது அதே தொகுப்பின் 865ஆம் விதி. 1965 டிசம்பர் 7 அன்று, ஒரே நாளில், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடுகளில் இரண்டைப் பாருங்கள்: ஒன்று சமயச் சுதந்திரம் பற்றியது, மற்றொன்று திருச்சபையின் மறைபரப்புப் பணி பற்றியது. நற்செய்தியை அறிவிப்பது திருச்சபையின் கடமை என்று சொல்லும் அதே மறைபரப்பு ஏடு, யாரையும் வற்புறுத்தியோ முறையற்ற வழிகளால் ஈர்த்தோ விசுவாசத்துக்குள் கொண்டுவருவதைக் கண்டிப்பாகத் தடை செய்கிறது. மனம் மாற விரும்புபவரின் நோக்கங்களை ஆராய்ந்து, தேவைப்பட்டால் தூய்மைப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஆர்வத்தில் "ஓர் ஆன்மாவைச் சேர்த்தோம்" என்று மகிழும் நம் உறவினர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்கவேண்டும். திருமண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு கேட்கப்படும் திருமுழுக்கின் நோக்கத்தை யார், எப்போது ஆராய்வது?

நம் கடற்கரைக்கு இது புதிய பாடமும் அல்ல. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறை எனப்படும் தென்கடற்கரையின் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றது, போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிய காலத்தில். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது அவர்களுக்கு அடிப்படை செபங்கள்கூடத் தெரியாதிருப்பதைக் கண்டு, அவற்றைத் தமிழில் பெயர்த்து ஊர் ஊராகக் கற்பித்தார். முழுக்கு முதலில், படிப்பு பின்னால் என்று நடந்ததன் பளுவை அவர் சுமந்தார்.

புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) என்ற மறைப்பணியாளர் உயிர்நீத்த ஓரியூரையும் நினைத்துக்கொள்கிறேன். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் திருமுழுக்குப் பெற்று ஒரே மனைவியோடு வாழத் தீர்மானித்தபோது, விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் ராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரசரிடம் முறையிட்டதன் தொடர்ச்சியாகவே 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். அந்தச் செம்மண் திடலில் நான் பலமுறை முழந்தாளிட்டிருக்கிறேன். புனிதரின் துணிவையும் தடியத்தேவரின் மனமாற்றத்தையும் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறேன். விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் நிலைமையைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை. ஒருவரின் மனமாற்றம் இன்னொருவரின் வாழ்க்கையைத் தொடும்போது அந்த இன்னொருவரையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதை வழக்கறிஞராக ஆன பிறகுதான் உணர்ந்தேன்.

மறுபக்கத்தாருக்கும் ஒரு சொல். மதம் மாறுவதே குற்றம், ஆட்சியரிடம் அனுமதி வாங்கவேண்டும் என்று மிரட்டுவோர் இந்த மாவட்டத்திலும் இருக்கிறார்கள். 2002இல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் என்ற கத்தோலிக்கக் குருவின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு தரும் பரப்பும் உரிமை என்பது தம் சமயத்தை எடுத்துரைக்கும் உரிமையே, பிறரை மாற்றும் உரிமையல்ல என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டி, ஒருவர் தாமே மாறக்கூடாது என்று வாதிடுவது தவறு. வயது வந்தவரின் சமயத் தேர்வு அவருடையதே என்று 2018இல் ஷஃபின் ஜஹான் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பெண் மாறியதும் காவல் நிலையத்துக்கு ஓடும் பெற்றோரே, மகளிடம் முதலில் நீங்கள் பேசுங்கள்.

திருமணத்துக்காகத் திருமுழுக்குக் கேட்க நினைப்பவர்கள், கோயிலில் மூன்று வாரம் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்பே, முடிந்தால் நிச்சயதார்த்தத்துக்கும் முன்பே, பங்குத்தந்தையிடம் நேரில் போய் விலக்குக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். உறவினரைத் தூது அனுப்பாதீர்கள். சாதிச் சான்றிதழ், பணி, சொத்து ஆகியவற்றில் எது மாறும் என்று ஒரு வழக்கறிஞரிடமும் கேளுங்கள். மதம் மாறியவரின் வாரிசுரிமை போவதில்லை, ஆனால் மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாவதை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு பெரும்பாலும் தடுக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. உண்மையிலேயே விசுவாசத்தை நாடுகிறீர்கள் என்றால் மிக நல்லது. அதைத் திருமணத் தேதியோடு கட்டிப்போடாமல், மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியாரிடம் பொறுமையாகப் படித்து, ஒரு பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) பெற்றுக்கொள்ளுங்கள். முழுக்குப் பெற்ற பிறகு அதை மறைத்துச் சான்றிதழ் வாங்க மட்டும் முயலாதீர்கள். தாய்மதம் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம். கே.பி. மனு என்பவரின் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், பூர்விகச் சாதி, மதம் திரும்பியது, அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டது ஆகிய மூன்றையும் நிறுவவேண்டும் என்றது.

பங்குப் பேரவை உறுப்பினர்களே, உபதேசியார்களே, அவசரமாக ஒரு பெண்ணை அழைத்துவந்து நிறுத்தினால், யார் அழைத்துவந்தாலும், அவளைத் தனியே உட்காரவைத்து, "உனக்கு இது வேண்டுமா அம்மா?" என்று தயவுசெய்து கேளுங்கள். என் கட்சிக்காரரிடம் அந்த எட்டு நாளில் யாரும் கேட்கவில்லை. அவருடைய பதில் மனுவை வரும் திங்கட்கிழமை தாக்கல் செய்கிறேன். திருமுழுக்குப் பெற்றதை மறைக்காமல், எந்தச் சூழலில் பெற்றார் என்பதையும் சேர்த்தே அதில் எழுதியிருக்கிறேன்.