கத்திரி வெயிலும் வீட்டு ஸ்டூடியோவின் கணினியும்

திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்திலும், எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் பக்கத்திலும், முருகன் பாடல்களைத் தமிழிலும் தெலுங்கிலும் வீட்டு அறையிலேயே பதிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குள் பாடல் தயாராக வேண்டும் என்பதால், வேலையின் பெரும்பகுதி நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மே, ஜூன் மாதங்களில் வந்து விழுகிறது. மார்கழியில் ஒழுங்காக ஓடிய அதே கணினியில், பாட்டின் நடுவே 'டப்', 'கிர்ர்' என்று இரைச்சல் எழுவதும் அப்போதுதான். ஸ்பீக்கரையும் கேபிளையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன், கணினியின் கணக்குகளையெல்லாம் போடும் சில்லான பிராசசரின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும்.

பிராசசர் வாங்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பம் 95 அல்லது 100 டிகிரியை நெருங்கும்போது, பெரும்பாலான பிராசசர்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கடிதம் தட்டச்சு செய்பவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. ஆனால் இசை மென்பொருள் கெடு வைத்து வேலை செய்வது. ஒலியை ஒரு வினாடிக்கு 48,000 மாதிரிகள் (சிறு அளவீடுகள்) என்ற கணக்கில் கையாளும்போது, பஃபரை, அதாவது ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் மாதிரிகளின் எண்ணிக்கையை, 128 என்று வைத்தால், ஒவ்வொரு 2.67 மில்லி வினாடிக்குள்ளும் எல்லா டிராக்குகளின் (தனித்தனியாகப் பதிந்த குரல், கருவி ஒலிகளின்) கணக்கையும் முடித்து ஒலியை வெளியே அனுப்பியாக வேண்டும். ஒரே ஒரு முறை தாமதித்தாலும் அந்த இடத்தில் ஒலி அறுந்து 'டப்' என்று கேட்கும்.

கணினியின் மொத்தச் சுமை 40 சதவீதம்தான் என்று திரை காட்டும்போதும் இரைச்சல் வருவதற்குக் காரணம் உண்டு. பாடகரின் குரலில் வரிசையாகப் போட்டிருக்கும் ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்ப் ஆகிய ஒலியை மெருகேற்றும் மென்கருவிகளில் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்க முடியும் என்பதால், அந்தச் சங்கிலி முழுவதையும் பெரும்பாலும் ஒரே கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக இயங்கும் பகுதிகளில் ஒன்று) சுமக்கிறது. மற்ற கோர்கள் சும்மா இருந்தாலும், சூட்டினால் அந்த ஒரு கோரின் வேகம் குறைந்தால் கெடு தவறிவிடும்.

வெயில் எப்படி உள்ளே நுழைகிறது என்பதை ஒரு எளிய கணக்கு காட்டும். பிராசசரின் மேல் பொருத்தி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கும் விசிறியும் சேர்ந்து ஒவ்வொரு வாட்டுக்கும் 0.6 டிகிரி வெப்ப உயர்வை விட்டுவைக்கின்றன என்று கொள்வோம். பிராசசர் 90 வாட் எடுத்தால் அது சுற்றியுள்ள காற்றைவிட 54 டிகிரி கூடுதலாக இருக்கும். காற்று 25 டிகிரி என்றால் பிராசசர் 79. காற்று 42 டிகிரி என்றால் 96. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியான எதையும் அதனால் தர முடியாது.

இந்த வட்டாரத்துக்கென்றே கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது, அது விசைத்தறிப் பஞ்சு. தறி ஓடும் தெருவில் காற்றோடு மிதந்து வரும் நூலிழைகள் சாதாரணத் தூசியைப் போல மேலே படிவதில்லை. விசிறியின் இறக்கைகளைக் கடந்து போய், விசிறிக்கும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கும் இடையில் ஒன்றோடொன்று பின்னிக் கம்பளித் துணியைப் போன்ற ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. கேபினட்டைத் திறந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். விசிறியைக் கழற்றினால்தான், சாம்பல் நிறத்தில், விரலால் உரித்தால் ஒரே துண்டாக வரும் அந்தப் படலம் கண்ணில் படும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் அதை நீக்க வேண்டும். ஹீட்சிங்கையும் கழற்ற நேர்ந்தால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுவது அவசியம். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே தங்கும் நுண்ணிய காற்றிடைவெளிகளைவிட அந்தப் பேஸ்ட் நூறு மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது.

விசிறிச் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று கணினியை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது பலரின் வழக்கம். அப்படி வைத்தால் வெளியேறிய சூடான காற்றையே விசிறி மறுபடியும் இழுக்கிறது. உள்ளே வெப்பம் ஏற ஏற விசிறியின் வேகமும் கூடுகிறது. வேகம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 15 டெசிபல் உயரும் என்பதால், அமைதிக்காகச் செய்த ஏற்பாடே அமைதியைக் கெடுத்துவிடும். கணினியை அறைக்கு வெளியே வைத்து, சுவரில் துளையிட்டு நீளமான கேபிள்களைக் கொண்டுவருவதுதான் என் பார்வையில் மிகச் சிறந்த ஏற்பாடு. அதற்கு வழியில்லாதவர்கள் 140 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய விசிறியை மெதுவாக ஓடவிடலாம். சிறிய விசிறி வேகமாகச் சுழன்று தள்ளும் அதே அளவு காற்றை அது குறைந்த சத்தத்தில் தள்ளிவிடும்.

ஃபோம் ஒட்டிச் சன்னலை அடைத்த அறையே ஒரு பெரிய அலமாரிதான். பத்தடி நீளம், அகலம், உயரம் கொண்ட அறையில் ஒரு மனிதரும் கணினியும் திரையும் சேர்ந்து 300 வாட் வெப்பத்தை வெளியிட்டால், சுவர்கள் எதையும் உறிஞ்சாத நிலையில், ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் காற்றின் வெப்பம் ஏறும். ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் கதவைத் திறந்து மேசை விசிறியால் அந்தக் காற்றை வெளியேற்றுவது, பாடுபவருக்கும் கணினிக்கும் ஒருசேர உதவும்.

வெப்பத்தைப் பிறப்பிடத்திலேயே குறைப்பது செலவில்லாத வழி. பிராசசரின் வெப்பம் அதன் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. ஆகவே இரண்டும் 10 சதவீதம் குறைந்தால் வெப்பத்தில் 27 சதவீதம் குறைகிறது. விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 99 சதவீதமாக மாற்றினால், பெரும்பாலான கணினிகளில் வழக்கமான அளவைத் தாண்டிச் செல்லும் டர்போ வேகம் நின்றுவிடும். மதியம் சில நிமிடம் மட்டும் உச்சத்தில் ஓடிப் பிறகு தடுமாறும் பிராசசரைவிட, சற்றே குறைந்த வேகத்தில் மாறாமல் ஓடும் பிராசசரே இசைக்கு ஏற்றது. முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடலாம், அதாவது திரும்பத் திரும்பக் கணக்கிடாதபடி முடிந்த ஒலியாகவே சேமித்துவிடலாம். குரல் பதியும்போது மட்டும் பஃபரை 128-இல் வைத்து, மிக்சிங்கின்போது 512 அல்லது 1024-க்கு உயர்த்தினால் கெடுவும் தளரும்.

லேப்டாப்பில் காற்று பெரும்பாலும் அடிப்பக்கத்திலிருந்து உள்ளே போகிறது. மெத்தையிலோ துணி விரித்த மேசையிலோ வைக்காமல், பின்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் போதும்.

இவற்றைச் செய்த பிறகு, மதியம் 3 மணி வாக்கில், இருப்பதிலேயே கனமான பாடலை அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றில் ஒவ்வொரு கோரையும் கவனிக்க வேண்டும். எந்தக் கோரும் 85 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால், அன்று மாலையே பாடகரை வரச் சொல்லலாம்.