ஆயுளில் பேரம்: நோயின் சுமைக்கு எண் போடுவது எப்படி?

‘முழங்கால் வலியையும் மன உளைச்சலையும் ஒரே அளவுகோலில் எப்படி அளக்கிறார்கள்?’ என்று தில்லி ஆர்.கே. புரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. மற்றவை பெரும்பாலும் இடையில். 0.6 மதிப்புள்ள நிலையில் 10 வருடம் வாழ்ந்தால் அது 6 நல்ல வருடங்களுக்குச் சமம். சிகிச்சைக்குச் செலவிடும் பணம் தகுமா என்று பார்க்க இந்தக் கணக்கு வேண்டும். சரி, அந்த 0.6 எங்கிருந்து வருகிறது?

ஈக்யூ-5டி என்ற கேள்வித்தாளில் ஐந்து அம்சங்கள்: நடமாட்டம், குளிப்பது உடுத்துவது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள். ஆக 3125 நிலைகள். சிலவற்றை மட்டும் மக்களிடம் கேட்டு, மீதியைக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள்.

கேட்கும் விதம்தான் அழகு. ஏறக்குறைய சரோஜினி நகர் சந்தைப் பேரம். ‘இந்த நிலையில் 10 வருடம், பிறகு மரணம். அல்லது முழு ஆரோக்கியத்தோடு 10 வருடம். எது வேண்டும்?’ பதில் தெரிந்ததே. அடுத்து ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு இறங்குவார்கள்: உடனே மரணமா, இந்த நிலையில் 10 வருடமா? பிறகு முழு ஆரோக்கியத்தோடு 5 வருடம். அங்கிருந்து ஒவ்வொரு வருடமாக ஏறி இறங்கி, கடைசியில் அரை வருடம் வரை. ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று 7 வருடத்தில் சொன்னால் மதிப்பு 0.7.

‘இப்படிக் கிடப்பதற்குச் சாவே மேல்’ என்பவரை என்ன செய்வது? அந்த நிலைக்கு முன்னால் 10 நல்ல வருடங்களை ஒட்டவைத்துப் பேரத்தைத் தொடர்கிறார்கள். அந்த 20 வருடத்துக்கு 6 நல்ல வருடமே ஈடு என்றால், 6-இலிருந்து 10-ஐக் கழித்துப் பத்தால் வகுக்க வேண்டும்: மைனஸ் 0.4. அந்த 20 வருடத்துக்குப் பதில் உடனே மரணமே போதும் என்றால் மைனஸ் 1.

சொதப்புவது பெரும்பாலும் பேட்டி எடுப்பவரின் அவசரம். முதலில் சக்கர நாற்காலியில் வாழும் நிலையை உதாரணமாக வைத்து, பதில் சொல்பவரைப் பழக்க வேண்டும். அதற்கு 3 நிமிடம்கூடச் செலவிடாவிட்டாலோ, ஒருவரிடம் கேட்கும் பத்து நிலைகளும் 5 நிமிடத்துக்குள் முடிந்தாலோ அந்தப் பேட்டி சந்தேகப் பட்டியலில் சேரும். ஐந்து அம்சமும் மிக மோசமாக உள்ள நிலைக்கு, அதைவிட லேசான நிலையைக் காட்டிலும் மிக அதிக மதிப்பு விழுந்தாலும் அப்படியே. இன்னொரு தொல்லை: ‘ஆயுளைக் குறைத்துப் பேசாதீங்க, அச்சானியம்’ என்று ஒரு நாளைக்கூட விட்டுத்தராதவர். எல்லா நிலைக்கும் 1 பதிவாகிவிடும், சராசரி வீங்கும். காகிதத்தில் விட்ட வருடத்தை எமன் வந்து வசூலிப்பதில்லை என்று பொறுமையாகச் சொல்லிப் பார்க்கலாம்.

இந்தியாவுக்கென்று தனி மதிப்புப் பட்டியல் 2022இல்தான் வெளியானது. 3,548 பேரிடம் கேட்டது. மிக மோசமான நிலைக்குக் கிடைத்த மதிப்பு மைனஸ் 0.923. அதற்கு முன் வெளிநாட்டவரின் மதிப்புகளைக் கடன் வாங்கித்தான் ஓட்டினோம். இதற்குச் செலவழித்த பணம் வீணே அல்ல. இன்னும் முன்பே செலவழித்திருக்க வேண்டும்.

ஒரு குறை உண்டு. அந்த ஐந்தில் மூச்சு இல்லை. நவம்பர் புகையில் மயூர் விஹார் ஆஸ்துமாக்காரர் மாடிப்படியில் பாதியில் நிற்பதை ‘நடமாட்டம்’, ‘அன்றாட வேலை’ என்ற கட்டங்களுக்குள்தான் திணிக்க வேண்டும். மூச்சுக்கென்று ஆறாவது கேள்வியைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. அதற்குத் தில்லியைவிடப் பொருத்தமான ஊர் எது?