ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்

பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்த தம்பி ஒருவர் சில வாரங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு பக்க ஆஃபர் லெட்டர். "மாசம் ரெண்டு லட்சம் எம்.ஜி. சார். ஊரும் பக்கம்தான். சேர்ந்துடலாமா?" என்றார். எம்.ஜி. என்றால் மினிமம் கேரண்டி, நோயாளிகள் குறைந்தாலும் ஆஸ்பத்திரி உறுதியாகத் தரும் குறைந்தபட்சத் தொகை. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தக் கடிதத்தில் தொகையைத் தவிர வேறு எதையும் அவர் படித்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், மேற்படிப்பு மூன்று வருடம். இந்த எட்டரை வருடத்தில் ஒரு மணி நேரம்கூட யாரும் எங்களுக்கு இப்படிப்பட்ட கடிதத்தைப் படிக்கச் சொல்லித் தருவதில்லை.

நான் டியூட்டி டாக்டராக ஆரம்பித்தவன். பிறகு மூன்று தனியார் ஆஸ்பத்திரிகளில் கன்சல்டன்டாக இருந்தேன். கடந்த சில வருடங்களாக டாக்டர்களை வேலைக்கு எடுக்கும் மேசையின் அந்தப் பக்கத்திலும் உட்கார்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று உண்டு. எவ்வளவு தருகிறார்கள் என்பதைவிட எதைக் கணக்கிட்டுத் தருகிறார்கள் என்பதுதான் ஒரு டாக்டர் தினமும் எப்படி வேலை பார்ப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் டியூட்டி டாக்டருக்கு மாதச் சம்பளம் அல்லது ஒரு ஷிஃப்டுக்கு இவ்வளவு என்று பேச்சு. மயக்க மருந்து டாக்டருக்குப் பெரும்பாலும் கேஸ் கணக்கு. அறுவை சிகிச்சை நிபுணருக்கு பேக்கேஜில், அதாவது ஒரு சிகிச்சைக்கு மொத்தமாகப் பேசும் தொகையில், பங்கு. இவை ஓரளவு புரிந்துவிடும். பொது மருத்துவம், குழந்தைகள் நலம், இதயம், நீரிழிவு என்று புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த எம்.ஜி.யில்தான்.

ஒரு தாளை எடுத்து இரண்டு பேருமாகக் கணக்குப் போட்டோம். அந்த ஆஸ்பத்திரியில் ஓ.பி. கட்டணம் 400 ரூபாய். டாக்டர் பங்கு 80 சதவீதம், அதாவது 320. நாளைக்கு 15 பேர், மாதம் 25 நாள் என்று வைத்தால் 375 பேர், 1,20,000 ரூபாய். வார்டில் ஒரு நோயாளியை ஒரு நாள் பார்த்தால் டாக்டருக்கு 400. சராசரியாக நான்கு பேர் அவர் பெயரில் படுத்திருந்தால் மாதம் 48,000. ஆக மொத்தம் 1,68,000. இரண்டு லட்சத்துக்குக் குறைகிற 32,000-ஐ ஆஸ்பத்திரி தன் கையிலிருந்து போடும். புது ஊரில் பெயர் பரவி நோயாளிகள் சேரும்வரை டாக்டருக்கு இது ஒரு தாங்கல். அந்த அளவில் நியாயமான ஏற்பாடுதான்.

சரி, ஒரு மாதம் 2,40,000 வந்தால்? அந்த உபரி 40,000 உங்களுக்கா, அல்லது போன மாதங்களில் ஆஸ்பத்திரி போட்ட பணத்துக்கு நேர் செய்துகொள்வார்களா? மாதாமாதம் கணக்கு முடிகிறதா, வருடம் முழுக்கச் சேர்த்துப் பார்க்கிறார்களா என்று கடிதத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். பல கடிதங்களில் இருக்காது. வாய்ப்பேச்சில் ஒன்று சொல்லி, அக்கவுன்ட்ஸில் வேறொன்று செய்வார்கள்.

அடுத்தது, பங்கு பில் போட்ட தொகையிலா, வசூலான தொகையிலா? காப்பீட்டு நோயாளிகளின் பணம் டி.பி.ஏ. என்கிற இடைநிலை நிறுவனம் வழியாக மெதுவாக வரும், வரும்போது வெட்டியும் வரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பேக்கேஜ் தொகையே தனி. அந்த நோயாளியை வார்டில் பார்த்ததற்கு உங்களுக்கு என்ன வரும் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாளிக்கு வேண்டியவர் வந்தால் பில்லில் தள்ளுபடி போடுவார்கள். அந்தத் தள்ளுபடி உங்கள் பங்கிலிருந்தும் போகிறதா என்று அந்தத் தம்பியைக் கேட்கச் சொன்னேன். இதெல்லாம் கேட்டால் சில்லறைத்தனம் என்று நினைத்துவிடுவார்களோ என்று அவருக்குத் தயக்கம். கேட்காமல் ஆறு மாதம் கழித்துச் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னும் பெரிய விஷயம், எம்.ஜி. எத்தனை மாதம் என்பது. அவர் கடிதத்தில் பன்னிரண்டு மாதம். பதின்மூன்றாம் மாதம் அதே நோயாளிகள் வந்தால் 1,68,000தான். ஆனால் அதற்குள் வீட்டுக் கடன் இரண்டு லட்சத்தை நம்பி வாங்கியிருப்பார். அந்த 32,000-ஐ வார்டிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் மாதம் 80 நோயாளி நாட்கள் கூட வேண்டும். நான்கு படுக்கை கிட்டத்தட்ட ஏழு ஆக வேண்டும். ஊரில் காய்ச்சல் கூடாமல் அந்த மூன்று பேர் எங்கிருந்து வருவார்கள்?

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் மாதக் கூட்டம் நடக்கும். திரையில் ஒவ்வொரு டாக்டர் பெயருக்கும் நேரே ஓ.பி. எண்ணிக்கை, அட்மிஷன் எண்ணிக்கை, ஸ்கேன், லேப். நூறு பேர் ஓ.பி.க்கு வந்தால் எத்தனை பேர் அட்மிட் ஆனார்கள் என்பதற்கு 'கன்வர்ஷன்' என்று பெயர். என் பெயர் கடைசியில் இருந்தது. யாரும் திட்டவில்லை. "கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னார்கள்.

அன்று மாலை ஓ.பி.யில் பத்தொன்பது வயதுப் பையன், மூன்று நாள் காய்ச்சல். டெங்கு பாசிட்டிவ். தட்டணுக்கள் 1,10,000. வாந்தி இல்லை, வயிற்று வலி இல்லை, ரத்தக் கசிவு இல்லை, நன்றாகத் தண்ணீர் குடிக்கிறான், ரத்த அழுத்தம் சீராக இருக்கிறது. வீடும் பக்கத்தில். தினமும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி, எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று அம்மாவிடம் விளக்கி, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நோயாளி. அனுப்பினேன். ஆனால் எழுதுவதற்கு முன் பேனா ஒரு நிமிடம் நின்றது. பையனுக்காக நிற்கவில்லை, காலையில் திரையில் பார்த்த அந்த எண்ணுக்காக நின்றது. பையன் தினமும் வந்து காட்டினான், நல்லபடியாகத் தேறினான். அந்த ஒரு நிமிடம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அடுத்த வருடம் அங்கிருந்து விலகினேன்.

எந்த டாக்டரும் நோயாளியை ஏமாற்றத் திட்டமிட்டு இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. சம்பளக் கடிதத்தில் அட்மிஷன் இலக்கு, லேப் பங்கு, ஸ்கேன் பங்கு என்று ஒரு வரி இருந்தால் அது மெல்ல மெல்லக் கையைப் பிடித்து எழுத வைத்துவிடும். பரிசோதனைக்கு அனுப்புவதற்கும் நோயாளியை அனுப்பி வைப்பதற்கும் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின் 6.4 பிரிவு நேரடியாகத் தடை செய்கிறது. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புது விதிகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன, ஆகவே பழைய விதிகளே நடப்பில் உள்ளன. அந்த வரியில் கையெழுத்துப் போடுகிற டாக்டரின் மருத்துவ கவுன்சில் பதிவு எண்தான் ஆபத்தில் நிற்கும், ஆஸ்பத்திரியின் முதலாளி டாக்டராக இல்லாவிட்டால் அவருக்குப் பதிவு எண்ணே கிடையாது.

வேறு வழியும் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் டாக்டர்கள் முழுநேரச் சம்பளத்தில் வேலை பார்க்கிறார்கள். ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் தனியார் பிராக்டிஸ் கூடாது, அதற்கு ஈடாக அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் தனிப்படி தருகிறார்கள். வேலைப் பளு அங்கேயும் கடுமைதான். ஆனால் பையனை வீட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும்போது குறுக்கே ஒரு எண் வந்து நிற்காது.

அப்புறம், நீங்கள் ஊழியரா இல்லையா என்ற கேள்வி. மாதாமாதம் ஒரே தொகை, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வருகைப் பதிவு, லீவுக்கு அனுமதிக் கடிதம் எல்லாம் இருக்கும். ஆனால் பணம் தொழில்முறைக் கட்டணமாக வரும், பத்து சதவீதம் டி.டி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். வருமான வரிச் சட்டத்தில் இத்தனை வருடமாக 194ஜே என்று நாங்கள் சொல்லிப் பழகிய பிரிவு அது. வரியில் இதனால் லாபம் உண்டு. வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் பாதியை மட்டும் லாபமாகக் காட்டும் வழி இருக்கிறது, ரொக்க வரவு ஐந்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அந்த வரம்பு 75 லட்சம். ஆனால் பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, சம்பளத்தோடு லீவு இல்லை.

என் ஜூனியர் ஒருத்தி நான்கு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் முழுநேரம் உழைத்தாள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் போவாள். கர்ப்பமானதும் ஏழாம் மாதத்தில் எச்.ஆரில் போய்க் கேட்டாள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெண் ஊழியருக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. "நீங்க எம்ப்ளாயி இல்ல டாக்டர், கன்சல்டன்ட்" என்றார்கள். அவள் அழுதுகொண்டே போன் செய்தது நினைவிருக்கிறது. கல்யாணமாகி வரும் தங்கைகள் வேலைக்குச் சேரும் அன்றைக்கே இதைக் கேட்டுவிட வேண்டும். சம்பளம் பத்தாயிரம் குறைந்தாலும் ஊழியராகச் சேர்வது லாபமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

நோயாளிக்கு இந்த வித்தியாசம் பொருட்டில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் நிரந்தர ஊழியராக இருந்தாலும் வந்துபோகிறவராக இருந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்காக டாக்டர் தப்பிவிடுவார் என்று அர்த்தமில்லை. தொழில் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவது யார் என்பதையும் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும்.

ஆள் எடுக்கும் விதம் பற்றிக் கொஞ்சம். முக்கால்வாசி வேலை வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கிறது. "எம்.டி. மெடிசின் உடனடித் தேவை, தங்குமிடம் இலவசம், சம்பளம் பேசிக்கொள்ளலாம்." அதே ஆஸ்பத்திரி அதே இடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளம்பரம் போட்டால் முன்னால் இருந்தவர் யார் என்று விசாரியுங்கள். போன் செய்து பேசுங்கள். கடைசி இரண்டு மாதச் சம்பளம் அவருக்கு வந்ததா என்று கேளுங்கள். மேசையின் இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன், நல்ல ஆஸ்பத்திரி இந்த விசாரிப்பைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது.

அசல் சான்றிதழ்களைக் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தரலாம், அதற்கு மேல் அவர்களுக்கு அது தேவையே இல்லை. தேதி போடாத காசோலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "விலகினால் இரண்டு வருடம் இந்த ஊரில் பிராக்டிஸ் செய்யக் கூடாது" என்ற வரி பல கடிதங்களில் இருக்கும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகு தொழில் செய்யவே விடாமல் தடுக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது. நோட்டீஸ் காலம் அப்படியில்லை, அது செல்லும். உங்களுக்கு மூன்று மாதம் என்றால் அவர்களுக்கும் மூன்று மாதம் என்று எழுதி வாங்குங்கள்.

அரசுப் பணியை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது. 2012 முதல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுக்கிறது, தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. உதவி மருத்துவருக்குச் சம்பளம் 56,100-இல் தொடங்குகிறது. சம்பள உயர்வு கேட்டு 2019-இல் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள், அந்தக் குறை நியாயமானது. ஆனால் பணிநேரத்துக்குப் பிறகு பிராக்டிஸ் செய்யலாம், மேற்படிப்பில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்ததும் தனியாரில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே நீட் பி.ஜி.க்குப் படித்துக் களைத்துப்போகிற பிள்ளைகளிடம் இந்த வழியையும் ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன்.

அந்தத் தம்பி மூன்று திருத்தங்கள் கேட்டு மெயில் அனுப்பினார். கணக்கு மாதாமாதம் முடிய வேண்டும். எம்.ஜி. 24 மாதம் இருக்க வேண்டும். அட்மிஷன் இலக்கு என்ற வரியை எடுத்துவிட வேண்டும். முதல் இரண்டுக்கும் சரி என்றார்கள். மூன்றாவது எல்லோருக்கும் பொதுவான வரி, எடுக்க முடியாது என்று பதில் வந்தது. இப்போது அவர் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில் 1,60,000 மாதச் சம்பளத்தில் சேர்ந்திருக்கிறார். காலை பஸ்ஸில் போய்க்கொண்டே பேசினார். வார்டில் நேற்று மூன்று பேரை டிஸ்சார்ஜ் செய்தாராம்.