நான்கு செதில்கள் போன ஒரண்டா

காலையில் தொட்டி விளக்கைப் போட்டபோது, ஒரண்டா என்ற அலங்காரத் தங்கமீனின் வலது விலாவில் நான்கு செதில்களைக் காணவில்லை. அந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுக்கு வெளிறிய ஒரு திட்டு, அதன் ஓரத்தில் நூல் போல ஒரு சிவப்பு. உதிர்ந்த செதில்களில் இரண்டு கூழாங்கற்களுக்கு நடுவே மினுங்கிக்கொண்டிருந்தன. காரணம் தேட நேரமே ஆகவில்லை. அழகுக்காக நான் கவிழ்த்து வைத்திருந்த உடைந்த மண்சட்டியின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன், கத்தி மாதிரி இருந்தது.

காயம் என்றதும் நம் கை மஞ்சள் டப்பாவைத் தேடும். மீனை வலையில் பிடித்து, ஈரத்தை ஒற்றி, மஞ்சளைக் குழைத்துத் தடவிவிடலாம் என்று அக்கறையோடு சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சின்னக் காயத்தோடு தப்பியிருக்க வேண்டிய மீன், அந்த வைத்தியத்தால் பெரிய காயத்தோடு தண்ணீருக்குத் திரும்பும். ஏன் என்று புரிய, மீனின் தோல் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் தோலின் மேல்பரப்பு செத்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு காய்ந்த படலம். நீரை உள்ளே விடாமலும் வெளியே விடாமலும் காப்பது அதுதான். தங்கமீனின் தோலில் அப்படி ஒரு செத்த படலம் கிடையாது. வெளிப்புறக் கடைசி வரிசை வரைக்கும் உயிருள்ள செல்கள். அவற்றின் மேல் இருப்பது சளி ஒன்றுதான். மீனைத் தொட்டால் கை வழுக்குகிறதே, அந்த வழவழப்பு. கிருமிகளின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதி, நோய் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. மேலே வந்து ஒட்டும் கிருமி வேர்விடுவதற்குள் பழைய சளி கழன்று புதிய சளி ஊறிவிடும். உலர்ந்த கையும், சொரசொரப்பான வலையும், ஒற்றி எடுக்கும் துணியும் முதலில் துடைத்தெடுப்பது இந்தக் காவலைத்தான்.

செதிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கூரையில் ஓடு வேய்ந்ததுபோல அது தோலுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. உள்தோலில் ஒரு சின்னப் பையில் உட்கார்ந்து வளரும் மெல்லிய எலும்புத் தகடு அது. அதற்கும் மேலே வெளித்தோல் போர்த்தியிருக்கும். ஆகவே ஒரு செதில் பிய்ந்தால் அந்தப் போர்வையும் கிழிந்துதான் வருகிறது.

சரி, கிழிந்த இடத்தில் என்ன நடக்கிறது? காயத்தின் விளிம்பில் இருக்கும் தோல் செல்கள் அக்கம்பக்கத்துப் பிடியைத் தளர்த்திக்கொண்டு, முன்பக்கம் விசிறி போல விரிந்து, காயத்தின் மேல் ஊர்ந்து போகத் தொடங்குகின்றன. புதிய செல்கள் பிறப்பதற்காக அவை காத்திருப்பதில்லை. இருப்பவையே நகர்ந்து போய் மூடுகின்றன, எண்ணிக்கையை ஈடுகட்டுவது பிறகு. கெரட்டோசைட் எனப்படும் இந்த மீன் தோல் செல்கள், விலங்கு செல்களில் மிக வேகமாக ஊர்பவற்றில் சேர்த்தி. செல் எப்படி நகர்கிறது என்று ஆராய்பவர்களுக்கு இவை பல பத்தாண்டுகளாகப் பிரியமானவை. மீனிடமிருந்து ஒரு செதிலை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தால் போதும், அதில் ஒட்டி வந்த செல்கள் தட்டில் இறங்கி ஊர ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டருக்கும் மேல், அதாவது ஒரு மில்லிமீட்டர் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய வேகம். நம் தோல் செல்களுக்கு அதே தூரம் ஒரு நாள் வேலை, சில சமயம் அதற்கும் மேல்.

அவற்றுக்கு உதவுவது ஈரம். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் சிறு காயங்களை வைத்து, காய்ந்து பொருக்குத் தட்டிய காயத்தைவிட ஈரம் காத்து மூடிவைத்த காயத்தில் தோல் விரைவாகப் படர்கிறது என்று காட்டினார். இன்று ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் ஈரக் கட்டுகளுக்குப் பின்னால் இருப்பது அந்தக் கண்டுபிடிப்பு. மீனுக்கோ காயம் காய்வது என்ற பேச்சே இல்லை. அதனால்தான் நல்ல தண்ணீரில் இருக்கும் மீனின் சிறிய உராய்வுக் காயத்தின் மேல், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய போர்வை ஒரு நாளுக்குள் படர்ந்துவிடுகிறது. உள்தோல் சரியாவதும் செதில் முளைப்பதும் வாரக்கணக்கில் நடக்கும் தனி வேலை.

மீனுக்குப் பொருக்கும் தட்டாது. அந்தப் போர்வை மூடும் வரை காயம் ஒரு கசிவுதான். நன்னீர் மீன் வைத்திருக்கும் எல்லோரும் மனதில் இருத்த வேண்டிய விஷயம் இது.

தங்கமீனின் ரத்தத்தில் கரைந்திருப்பவை, நமக்கு ஏற்றும் சலைனைவிடச் சற்றுக் குறைவு. தோராயமாக லிட்டருக்கு 8 கிராம் உப்புக்குச் சமம். சுற்றியிருக்கும் நல்ல தண்ணீரில் இருப்பதோ அதில் ஒரு சிறு பங்கு. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்கு நீர் இழுபடும். ஆகவே நன்னீர் மீனின் உடம்புக்குள் இரவும் பகலும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. சிறுநீரகம் அந்த அதிகப்படி நீரை ஓயாமல் வெளியேற்றுகிறது. செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் சக்தியைச் செலவழித்து உப்பைத் திரும்ப உள்ளே இழுக்கின்றன. மீன் சும்மா நிற்பதுபோலத் தெரியும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. தோல் கிழிந்தால் கசிவு கூடும், வேலையும் கூடும். பயந்த மீனுக்கு இன்னும் மோசம். பயத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் செவுளில் ரத்த ஓட்டம் கூடி அங்கேயும் கசிவு அதிகமாகும். கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் நாட்கணக்கில் உயர்ந்தே இருந்தால் நோய் எதிர்ப்பும் தளரும். அதனால் வலையோடு துரத்தாமல் இருப்பதே பாதி வைத்தியம்.

மீதிப் பாதியில் ஒரு பங்கு, சமையல்கட்டில் இருக்கும் கல் உப்பு. வெளியே சிறிது உப்பு இருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. லிட்டருக்கு 3 கிராம் உப்பு கரைந்த தண்ணீரில் அந்த வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மிச்சமாகும் சக்தி தோலை மூடுவதற்குப் போகும். நான் செய்தது இது: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் நிற்கும் தண்ணீர் சுமார் 50 லிட்டர். முதல் நாள் 50 கிராம், அடுத்த நாள் 50 கிராம், மூன்றாம் நாள் 50 கிராம் என்று, ஒவ்வொரு முறையும் ஒரு குவளைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துவிட்டு, ஃபில்டர் நீர் விழும் இடத்தில் மெல்ல ஊற்றினேன். கரையாத கல் மீனின் மேல் பட்டால் அதுவே ஒரு புண். இதில் மறக்கக் கூடாதது, தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை ஈடுகட்ட வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பைக் குறைக்க ஒரே வழி தண்ணீரை மாற்றுவது. தொட்டியில் செடி இருந்தால் இந்த அளவு உப்பு பல செடிகளுக்கு ஆகாது. ஆறியபின் உப்பை எடுத்துவிட வேண்டும், ஆண்டு முழுக்க உப்புத் தண்ணீரில் வைப்பது தேவையில்லாத வேலை.

உப்பைவிட முக்கியமானது தண்ணீரின் சுத்தம். தெளிவு வேறு, சுத்தம் வேறு. தங்கமீன் செவுள் வழியாக அம்மோனியாவைக் கழிக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. தோலையும் செவுளையும் எரிக்கும் அந்த அம்மோனியாவை, ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் நச்சான வடிவத்தின் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும். போர் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். பலர் வீட்டில் அந்தத் தண்ணீரின் பி.எச். 8-ஐ ஒட்டியே இருக்கும்.

காயம்பட்ட மீனைத் தனியே வாளியில் விடலாமா என்று கேட்பார்கள். புது வாளியில் அந்தப் பாக்டீரியா கிடையாது, ஒரே நாளில் அம்மோனியா ஏறும். என் தொட்டியில் மற்ற மீன்கள் காயத்தைக் கொத்தவில்லை, அதனால் ஒரண்டாவை அங்கேயே விட்டேன். கொத்தும் மீன்கள் இருந்தால் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது பழைய ஃபில்டர் பஞ்சில் ஒன்றை எடுத்து வாளியில் ஓடவிடுங்கள், தண்ணீரில் ஒரு பகுதியைத் தினமும் மாற்றுங்கள். மாற்றும் தண்ணீர் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை எடுக்காமல் ஊற்றக் கூடாது. கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட்தான். குளோரின் உயிருள்ள திசுவை எரிக்கும். போர்வையே இல்லாத காயத்தில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மீனை மாற்றும்போதும் வலை வேண்டாம், ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் இறக்கி மீனையும் நீரையும் சேர்த்தே முகந்துவிடலாம்.

சென்னை வெயிலில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சூடு கூடினால் செல்கள் வேகமாக வேலை செய்யும், காயம் சீக்கிரம் மூடும். ஆனால் பாக்டீரியாவும் வேகமாகப் பெருகும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். தங்கமீனோ குளிர்ந்த நீரை விரும்பும் இனம். ஆகவே காயம் ஆறட்டும் என்று ஹீட்டர் போடுவது நம் ஊருக்குப் பொருந்தாது. ஏர் பம்பைக் கூட்டி வைப்பதும், விளக்கை அணைத்துத் தொட்டியின் ஒரு பக்கம் துணி போடுவதும், தீனியைப் பாதியாக்குவதும் போதும்.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளின் வேலை செய்யும் பொருளான குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. கரையாத தூள் மிதந்து செவுளில் போய்ப் படியும். இதைவிட எனக்கு வருத்தம் தருவது ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம். டெட்ராசைக்ளின் வகை மருந்து, கடின நீரில் இருக்கும் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் பிணைந்து வலுவிழந்துவிடுகிறது. மீனுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம், ஃபில்டர் பாக்டீரியாவுக்கு ஆபத்து, மருந்துக்கு மசியாத கிருமிகள் உருவாகவும் வழி. கிருமியே தொற்றாத உராய்வுக் காயத்துக்கு அது எதற்கு?

தொற்றிவிட்டது என்று எப்படித் தெரியும்? காயத்தில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை இழைகள் நீட்டினால் அது பெரும்பாலும் சப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூஞ்சணம். திட்டு சிறிதாவதற்குப் பதில் குழிந்து, சுற்றிச் சிவந்து, அகலமானால் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா இறங்கியிருக்கலாம். உடம்பு உப்பி, செதில்கள் எல்லாம் சிலிர்த்து நின்றால் நிலைமை கடுமை. ஊறும் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் உடல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இவற்றில் எதைப் பார்த்தாலும் மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரண்டா, ரஞ்சு, பிளாக் மூர் போன்ற அலங்கார வகைகளுக்கு இத்தகைய காயம் சகஜம். நீந்துவதற்கு ஏற்ற உடம்பு அவற்றுக்கு இல்லை. முட்டை வடிவ உடல், இரட்டை வால். அந்த இரட்டை வாலுக்குக் காரணம் கார்டின் என்ற மரபணுவின் ஒரு பிரதியில் ஏற்பட்ட மாற்றம் என்று தைவானில் இயங்கும் ஆய்வுக்குழு 2014-ல் கண்டது. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவுதான் இந்த உருவம். கூரான கல்லும் பிளாஸ்டிக் செடியும் இல்லாத தொட்டியைத் தருவது, அவற்றை இந்த உருவத்தில் விரும்பும் நம் பொறுப்பு. மண்சட்டியை அன்றைக்கே வெளியே எடுத்துவிட்டேன்.

பத்தாம் நாள் வாக்கில் திட்டின் ஓரத்தில் கறுப்பு படர்ந்தது. முதல்முறை பார்ப்பவர்கள் அழுகுகிறதோ என்று பதறுவார்கள். காயம் ஆறும் இடத்துக்கு நிறமிச் செல்கள் வந்து சேர்வதால் தோன்றும் கறுப்பு அது. மீன் நன்றாகச் சாப்பிட்டு நீந்திக்கொண்டிருந்தால், இது ஆறுவதன் அடையாளம். சில வாரங்களில் தானாகவே மங்கும்.

அதன் கீழே புதிய செதில் முளைத்துக்கொண்டிருக்கும். தங்கமீனின் செதிலில் எலும்பை உருவாக்கும் செல்களும் எலும்பைக் கரைக்கும் செல்களும் நம் எலும்பில் இருப்பதுபோலவே இருக்கின்றன. அதனால் 2010-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மீண்டும் முளைத்துக்கொண்டிருந்த தங்கமீன் செதில்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி, எடையற்ற நிலையில் எலும்பு ஏன் தேய்கிறது என்று ஆராய்ந்தார்கள். அங்கே எலும்பைக் கரைக்கும் செல்களின் வேலை கூடியது, மெலடோனின் என்ற ஹார்மோன் சேர்த்த செதில்களில் அது அடங்கியது.

என் ஒரண்டாவின் விலாவில் இப்போது நான்கு செதில்களும் வந்துவிட்டன, ஒன்று மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. கண்ணுக்கு மற்றவை பழையபடிதான். ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிறந்ததிலிருந்து வளர்ந்த செதிலில், மரத்தின் ஆண்டு வளையம் போல நடுவிலிருந்தே கோடுகள் தொடங்கும். மறுபடி முளைத்த செதில் அவசரமாக முழு அளவுக்கு வளர்வதால் அதன் நடுப்பகுதியில் கோடே இருக்காது. செதிலை வைத்து மீனின் வயதைக் கணிப்பவர்கள் அத்தகைய செதிலை ஒதுக்கிவிட்டு, பக்கத்துச் செதிலை எடுத்துக்கொள்வார்கள்.